சுருள் வில்லும் தாங்கு எடையும்

தோணியின் விளிம்பில் நின்று கரைக்குத் தாவும் ஒருவனைப் பாருங்கள். அவன் கரையை அடைகிறான். தோணியோ பின்னோக்கி நகர்கிறது. ஒவ்வொரு விசைக்கும் அதற்கு நிகரான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. துப்பாக்கியும் இவ்விதிக்கு உட்பட்டதே. குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது.

இவ்வுதைப்பை அளந்தறியலாம். நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். எம்-16 என்னும் அமெரிக்கத் துப்பாக்கியின் பழைய குண்டு ஏறத்தாழ 3.6 கிராம் நிறையுடையது. விநாடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் வேகத்தில் வெளியேறுவது. தோட்டாக்களுடன் துப்பாக்கியின் நிறை சுமார் 3.5 கிலோகிராம். கணக்கிட்டுப் பார்த்தால், துப்பாக்கி விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் பின்வாங்க வேண்டும் என்பது விளங்கும். குண்டுடன் வெளியேறும் வாயுவையும் சேர்த்தால் அவ்வேகம் கணிசமாகக் கூடும்.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் வேறொரு வேலையும் நடைபெறுகிறது. குண்டு குழாயின் வழியே செல்லுகையில், அதன் பின்னுள்ள வாயுவில் சிறு பகுதி குழாயிலுள்ள ஒரு துளை வழியாகப் பிரிந்து, குழலொன்றின் மூலம் பின்னோக்கி வந்து, தாழைத் தள்ளுகிறது. தாழ் என்பது தோட்டா இருக்கும் அறையை அடைத்துப் பூட்டும் எஃகுப் பகுதி. அது பின்னே ஓடும்போது வெற்றுக் கூட்டை இழுத்து எறிகிறது. அதற்குப் பின்னால் ஒரு தாங்கு எடையும், அவ்வெடையைச் சுற்றி ஒரு சுருள் வில்லும் உள்ளன. சில ரயில் என்ஜின்களின் முகப்பில் மோதலைத் தாங்கும் பஃபர்கள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். இத்தாங்கு எடைக்கும் பஃபர் என்பதே பெயர். பின்வந்த தாழை வில் மீண்டும் முன்னே தள்ளுகிறது. தாழ் அடுத்த தோட்டாவை அறையினுள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது. இவையனைத்தும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுகின்றன.

வில் எத்தனை வலிமை உடையதாய் இருக்கவேண்டும்? எடை எவ்வளவு கனமாய் இருக்கவேண்டும்? இக்கேள்விகள் சிறியனவாகத் தோன்றலாம். இவற்றைப் புறக்கணித்ததால் விளைந்த துன்பத்தை வரலாறு காட்டுகிறது.

யூஜின் ஸ்டோனர் என்ற பொறியியலாளரின் அமைப்பிலிருந்து பிறந்த ஏ.ஆர்.-15 துப்பாக்கியின் உரிமையை 1959ஆம் ஆண்டில் கோல்ட் நிறுவனம் பெற்றது. அமெரிக்கப் படைகள் அதனை எம்-16 என்ற பெயரில் ஏற்று, வியத்நாம் போருக்கு அனுப்பின. அது முதலில் ஒருவகை வெடிமருந்துக்கு ஏற்பச் சோதிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டில் மருந்து மாற்றப்பட்டது. புதிய மருந்தினால் குண்டின் வேகம் மாறவில்லை. ஆனால் வாயுத் துளையருகே அழுத்தம் மிகுந்தது. தாழ் முன்னினும் விரைந்து பின்னே பாய்ந்தது. நிமிடத்திற்குச் சுமார் 750 முறை இயங்கவேண்டிய பொறி, 1000 முறை வரை இயங்கத் தலைப்பட்டது. ஒரு சுற்றுக்குக் கிடைத்த நேரம் விநாடியில் ஆயிரத்தில் 80 பங்கிலிருந்து 60 பங்காகக் குறைந்தது.

இதனால் வரும் கேடு யாது? சுட்டவுடன் தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்த பின்னரே அது சுருங்கி நெகிழும். அதற்கு முன்பே தாழ் இழுத்தால், கூட்டின் விளிம்பு கிழியலாம். அல்லது பிடி வழுவிக் கூடு அறையிலேயே சிக்கிவிடலாம். போர்க்களத்தில் கூடு சிக்கிய துப்பாக்கி வெறும் தடியே ஆகும். துப்புரவுக் கருவிகள் போதிய அளவில் வழங்கப்படாமையும், அறையின் உட்புறம் துருவேறியமையும் இத்துன்பத்தைப் பெருக்கின. வீரர்கள் எழுதிய கடிதங்கள் அமெரிக்க நாடாளுமன்றம் வரை சென்றன. ரிச்சர்டு இக்கார்டு தலைமையில் அமைந்த குழு 1967ஆம் ஆண்டில் ஆராய்ந்து, மருந்து மாற்றத்தையே முதன்மையான காரணமாகச் சுட்டியது.

தாழ் விரைகிறது என்றால், வலிய வில்லைப் பொருத்தி அதனை அடக்கலாமே என்று உங்களுள் சிலர் எண்ணலாம். இங்கேதான் இயற்பியல் நமக்கு வழிகாட்டுகிறது. ராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிப்படி, வில் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவே அதன் எதிர்ப்பும் பெருகும். ஆகவே தாழ் நகரத் தொடங்கும் கணத்தில் வில்லின் எதிர்ப்பு மிகச் சிறிது. வாயுவின் பெருவிசைக்கு முன் அது ஒரு பொருட்டன்று. தொடக்கத்தில் தாழைத் தாமதப்படுத்துவது நிறையே. ஒரே உந்தத்தைப் பெறும் பொருளின் நிறை இருமடங்கானால் அதன் வேகம் பாதியாகும். இயக்க ஆற்றலும் பாதியாகும். வில்லின் ஆட்சி ஓட்டத்தின் முடிவிலும் திரும்பும் வழியிலுமே மிகுதி. வில் அளவு மீறி வலியதானால் தாழ் முழுத் தொலைவும் பின்செல்லாமல் திரும்பிவிடலாம். அன்றி, முன்னே வேகமாக மோதித் துள்ளலாம். வில் மெலிந்தாலோ தோட்டாவை உள்ளே செலுத்தவும் வலிவிராது. எனவே எடையின் வேலையை வில் செய்யாது. வில்லின் வேலையை எடை செய்யாது.

கோல்ட் நிறுவனம் 1966ஆம் ஆண்டில் வகுத்த புதிய தாங்கு எடை இவ்வுண்மையைத் தழுவியது. அது முந்தியதைவிடக் கனமானது. அதன் உள்ளே நகரக்கூடிய சிறு எடைகள் இருந்தன. தாழ் முன்னே வந்து மோதிப் பின்துள்ள முயலும் கணத்தில், உள்ளெடைகள் சற்றே பிந்தி வந்து முன்னோக்கி மோதித் துள்ளலை அடக்கின. தொடர்ந்து சுடும்போது தாழ் துள்ளியதால் தோட்டா வெடியாமற்போகும் குறை இதனால் நீங்கியது. இயங்கும் விரைவும் தணிந்தது. அறைக்குக் குரோமியப் பூச்சும் துப்புரவுக் கருவிகளும் உடன் வந்தன.

அதே அமைப்பிலான குறுந்துப்பாக்கிகளில் இன்றும் இத்தேர்வு தொடர்கிறது. அவற்றில் வாயுத் துளை அறைக்கு அருகே உள்ளதால் அழுத்தம் மிகுதி. எளிய தாங்கு எடை சுமார் 85 கிராம். உள்ளே மூன்று எஃகுத் துண்டுகள். அவற்றை ஒவ்வொன்றாக டங்ஸ்டன் துண்டாக மாற்றினால், எஃகைவிட இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ள அவ்வுலோகத்தால், அதே அளவுள்ள எடை படிப்படியாக 153 கிராம் வரை உயர்கிறது. தாழும் அதனைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து சுமார் 330 கிராம் என்க. மொத்த நிறை 415 கிராமிலிருந்து 483 கிராமாகும். அதே உந்தத்திற்கு வேகம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். ஆயினும் கனம் மிகுந்தால் எப்போதும் நன்று என்பதில்லை. அழுக்கு மிகுந்தபோதோ, தோட்டாவின் வலிமை குறைந்தபோதோ, கனத்த எடை போதிய தொலைவு பின்செல்லாமல் நின்றுவிடும்.

ஆகையால் முறையறிந்தவர் முதலில் வில்லைச் சோதிப்பார். நீண்ட துப்பாக்கியின் வில், அழுத்தமின்றி வைக்கும்போது 11¾ அங்குலத்திற்குக் குறைந்திருந்தால், அது தளர்ந்ததெனக் கழிக்கப்படும். செம்மையான வில்லைப் பொருத்திய பின்னரே, பயன்படுத்தவிருக்கும் தோட்டாவைக் கொண்டு இயக்கிப் பார்த்து, பழுதின்றி இயங்கும் எடையைத் தெரிந்துகொள்வார். தோட்டா மாறினால் சோதனையும் மீண்டும் தொடங்கவேண்டும்.

மாணவர்களே, பொறியின் உறுப்புகள் தனித்தனியே நல்லனவாய் இருத்தல் மட்டும் போதாது. நல்ல துப்பாக்கியும் நல்ல மருந்தும் இருந்தன. அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று முழுதும் சோதிக்கப்படவில்லை. அப்பிழைக்கு விலை கொடுத்தவர்கள், அம்முடிவை எடுத்தவர்கள் அல்லர். களத்தில் நின்ற இளைஞர்களே. நாளை நீங்கள் பாலமோ நீரிறைக்கும் எந்திரமோ மருத்துவக் கருவியோ அமைக்கும்போது, ஓர் உறுப்பை மாற்றுமுன் மற்ற உறுப்புகள் அதற்கு என்ன விடை சொல்லும் என்று சோதித்துப் பாருங்கள்.