அயற்படை புகுதல் அறமாகுமா?

நம் கல்லூரித் தமிழ் மன்றத்து விவாத அரங்கிலே, கொடுங்கோலரையும் பயங்கரவாதிகளையும் அடக்கப் பிறநாட்டுப் படை புகுதல் முறையே என்னும் பொருள்பற்றி மாணவர் சொல்லாடக் கேட்டோம். ஒரு சாரார் இற்லரைக் காட்டினர். மறுசாரார் 2003ஆம் ஆண்டு ஈராக்கைக் காட்டினர். நம் வீட்டு முற்றத்தில் நடந்ததை எவரும் எடுத்துரைத்திலர். அக்குறை நோக்கியே இதனை எழுதப் புகுந்தோம்.

1945இல் எழுந்த ஐக்கிய நாடுகள் சாசனம், ஒரு நாட்டின்மீது மற்றொரு நாடு படைவலி காட்டுதலை விலக்குகின்றது. அவ்விலக்கிற்குப் புறநடை இரண்டு: ஒன்று தற்காப்பு, மற்றொன்று பாதுகாப்புச் சபையின் அனுமதி. உரிய அரசு தானே அழைப்பின் தடையில்லை. ஓர் அரசு தன் குடிகளையே கொன்று குவிக்குமாயின் யாது செய்வது? ஈண்டுத்தான் வழக்குப் பிறக்கின்றது.

1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் தொடங்கிய படுகொலையால் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவிற் புகலடைந்தனர். டிசெம்பர் 3இல் பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்களைத் தாக்க, மூண்ட போர் 16ஆம் திகதி முடிந்தது. பொதுச் சபையிலோ 104 நாடுகள், போரை நிறுத்திப் படைகளை விலக்குமாறு வாக்களித்திருந்தன. எனினும் 1972 மார்ச்சில் இந்தியப் படை வங்காளதேசத்தை விட்டு நீங்கிற்று. அந்நீக்கமே அச்செயலுக்கு நற்பெயர் ஈட்டியது என்பது நம் கருத்து.

இனி, நம் முற்றம். 1983 யூலைக் கொடுமைக்குப்பின் இந்தியா நம் சிக்கலில் நேராகத் தலையிடத் தொடங்கியது. 1987இல் வடமராட்சியில் இலங்கைப் படை போர் தொடுத்திருந்த காலை, உணவேற்றி வந்த இந்தியப் படகுகளை நமது கடற்படை திருப்பி அனுப்பிற்று. மறுநாள், யூன் 4, அன்ரனோவ் விமானங்கள் ஐந்து, போர்விமானங்கள் துணைவர, சுமார் 25 தொன் பொருளை யாழ்ப்பாணத்தில் இறக்கின. ஏழு வயதினராயிருந்த நாம், குடைவிரித்து இறங்கிய மூட்டைகளைக் கண்டு கைகொட்டினோம். அச்செயல் நாட்டின் இறைமையை மீறியதென்று அன்று யாரேனும் சொல்லியிருப்பின் விளங்கியிராது, இன்று விளங்குகின்றது. ஆயினும் கைகொட்டியதற்காக நாணுகின்றோம் அல்லேம்.

யூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மறுநாளே, அணிவகுப்பில் நின்ற கடற்படை வீரனொருவன் துப்பாக்கியின் அடிப்பாகத்தால் ராஜீவை அடித்தான். வடக்கில் அமைதிப்படைக்கு மாலை சூட்டினர். ஒக்டோபர் 10இல் அப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. அவ்வாண்டுத் தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆசுபத்திரியுள் படையினரின் சூட்டுக்கு நோயாளரும் மருத்துவரும் தாதியரும் இரையாயினர். தெற்கிலோ உடன்படிக்கைமீதெழுந்த வெறுப்பு, மற்றொரு கிளர்ச்சிக்கு எண்ணெய் வார்த்தது. 1989இல் சனாதிபதி பிரேமதாச அப்படையைப் போகச் சொன்னார். 1990 மார்ச் 24இல் இறுதி அணி சென்றது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர் இம்மண்ணில் மாண்டனர். மாண்ட நம்மவர் தொகை அதனினும் மிகப் பெரிது.

மாணவர் உற்றுநோக்கத்தக்கது இதுவே: 1987இல் வந்த படை அரசின் அழைப்போடு வந்தது, சட்டக் குறையின்று. 1971இல் உலகின் பெரும்பான்மை எதிர்த்து நின்றது. பயனோ நேர்மாறாயிற்று. வங்கத்து மக்கள் வேண்டியது இன்னதென அவர்தம் 1970ஆம் ஆண்டுத் தேர்தலே காட்டியிருந்தது. இங்கோ உடன்படிக்கையில் ஒப்பமிட்டோர் இரு அரசினரே. எவர் பொருட்டு அது எழுதப்பட்டதோ அவர் அவ்வவையில் இலர். திருக்குறளின் வலியறிதல் என்னும் அதிகாரம், வினை, தான், மாற்றான், துணை ஆகியோரின் வலியை எண்ணச் சொல்கின்றது. போர் நிகழும் ஊரில் அடுப்பு மூட்டுவோரின் தாங்கும் வலியையும் ஐந்தாவதாக எண்ணுக என்று வகுப்பில் நாம் கூறுவதுண்டு. உரையாசிரியர் பொறுப்பாராக!

அரங்கு முடிந்தபின் கொட்டாஞ்சேனை மாணவன் ஒருவன் வந்து, "ஐயா, கொச்சிக்கடைத் தேவாலயத்துக் குண்டை எந்தப் படை தடுத்திருக்கும்?" என வினவினான். 2019 ஏப்பிரல் 21இல் அங்கும் பிறவிடங்களிலும் 250இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னரே, ஏப்பிரல் 4இல், இந்தியப் புலனாய்வினர் எச்சரிக்கை அனுப்பியிருந்தனர். அது கோப்பிலே கிடந்தது. 2023 சனவரியில் நமது உயர் நீதிமன்றம், முன்னாட் சனாதிபதி உள்ளிட்டோர் இழப்பீடு செலுத்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இவ்வளவையும் அவனுக்குச் சொன்னோம். அடுத்த தவணை அரங்கிற்கு அவ்வினாவையே பொருளாக வைக்குமாறு மன்றச் செயலாளரிடம் கூறியுள்ளோம்.