ஈஸ்டருக்கு ஒரு நிறைபலகாரம்

வெளியூரில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். ஆனால் ‘வத்தக்குழம்பு’ என்ற சொல் மட்டும் அவர்கள் நாவில் பிசகுவதேயில்லை. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர் கதையும் ஏறக்குறைய இதுதான்.

1880-க்கும் 1920-க்கும் இடையே சுமார் 40 லட்சம் இத்தாலியர் அங்கு போய் இறங்கினர். பெரும்பாலோர் நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலி முதலிய தென்பகுதி ஏழைகள். பேரன் பேத்திகளிடம் மொழி தங்கவில்லை. ஈஸ்டர் பலகாரம் தங்கிவிட்டது, பெயர் சற்றே தேய்ந்து!

நேப்பிள்ஸ் பேச்சில் அது ‘பிட்ஸா கியேனா’. ‘கியேனா’ என்றால் நிறைந்தது. நியூ ஜெர்சிப் பக்கம் அது ‘பிட்ஸாகெய்னா’ ஆகிவிட்டது. நாம் கடையில் வாங்கும் பிட்ஸாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அடியிலும் மேலிலும் மாவுப் போர்வை; நடுவே பன்றி இறைச்சி வகைகள், ரிக்கோட்டா, மொஸரெல்லா, டஜன் கணக்கில் முட்டை. எல்லாம் கெட்டியாக வேகும் கனத்த பண்டம் அது.

ஏன் இத்தனை முட்டை? முற்காலத்தில் 40 நாள் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் விலக்கு. கோழிக்கு ஏது நோன்பு? முட்டைகள் சேர்ந்துகொண்டே போகும். பழைய ஊரில் இறைச்சி பண்டிகை நாளில் கண்ணில் படுவது. அமெரிக்கக் கூலியில் அது கைக்கெட்டியது. பலகாரமும் பருத்தது.

இதைப் பல வீடுகளில் புனித வெள்ளியன்றே சுடுகிறார்கள். அன்று இறைச்சி கூடாது. ஆகவே சமைப்பவர் உப்புக்கூடப் பார்க்க முடியாது! நைவேத்தியத்தை ருசி பார்க்காமல் செய்து பழகிய நம் பாட்டிமாருக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். முன்பெல்லாம் சனிக்கிழமை நண்பகலோடு நோன்பு முடியும். மணி பன்னிரண்டு அடித்ததும் கத்தி எடுப்பார்கள். போப் பன்னிரண்டாம் பயஸ் செய்த மாற்றத்தால் 1956 முதல் நோன்பு நள்ளிரவு வரை நீண்டது. ஆனாலும் நண்பகல் கணக்கைப் பல குடும்பங்கள் விட்டபாடில்லை.

இனிப்புக்கு ‘பாஸ்தியேரா’. முழுக் கோதுமையை ஊறவைத்துப் பாலில் குழைய வேகவைத்து, ரிக்கோட்டா, முட்டை, சர்க்கரை, ஆரஞ்சுப் பூ நீர் சேர்த்து, மேலே மாவுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டுச் சுடுவது. (ரிக்கோட்டா என்பது, நாம் பன்னீர் வடித்தபின் கொட்டிவிடுவது போன்ற தெளிநீரை மறுபடி காய்ச்சித் திரட்டுவது. வீணாக்காத சனங்கள்!) சுட்ட அன்றே தின்றால் ருசி கூடாது என்பதால் வியாழனன்றே முடித்து வைத்துவிடுவார்கள். கோதுமை ஊறவைக்கப் பொறுமையில்லாதவருக்கு வேகவைத்ததே டப்பாவில் கிடைக்கிறது.

வண்ண முட்டைகளைப் பதித்துப் பின்னிய ரொட்டியும் உண்டு. அது பார்வைக்கு அழகு. பேச்சு வளர்வதெல்லாம் பாஸ்தியேராவில்தான். சில குடும்பங்கள் கோதுமைக்குப் பதில் அரிசி போடும். சாம்பாரில் வெல்லம் போடுவதா என்று நம் வீடுகளில் நடக்குமே, அதே வழக்குத்தான்.