ஆறும் அரை டசினும்



ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் மரபுத்தொடர் ஒன்றை இன்று நோக்குவோம். 'சிக்ஸ் ஒஃப் வன், ஹாஃப் எ டசின் ஒஃப் தி அதர்' என்பது அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'ஒன்றில் ஆறு, மற்றதில் அரை டசின்' என்று வரும். இவ்வாறே எழுதப்பட்ட மொழிபெயர்ப்புகளை நான் கண்டதுண்டு. வாசிப்பவர் ஏதோ கடைக்கணக்கு என்று எண்ணுவாரேயன்றி, பொருளை உணரமாட்டார்.

பன்னிரண்டைக் குறிக்கும் 'டுவோடெசிம்' என்ற இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்து 'டசின்' ஆயிற்று. ஆங்கிலேயர் வாழ்வில் பன்னிரண்டுக்குத் தனியிடம் உண்டு. பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. 1971 பெப்ரவரியில் பிரித்தானிய நாணயமுறை மாறும்வரை பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். ஆகவே ஆறு என்றாலும் அரை டசின் என்றாலும் அவர்கள் செவிக்கு ஒரே தொகைதான். அறுபது நாழிகை கொண்டது ஒரு நாள் என்று கணித்த நம் முன்னோரிடம், 'இங்கே முப்பது நாழிகை, அங்கே அரை நாள்' என்று சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பே இத்தொடரின் உயிர். பெயர் இரண்டு, பொருள் ஒன்று. கடற்படை அதிகாரியாயிருந்து நாவலாசிரியரான பிரெடரிக் மரியாட், 1836இல் வெளிவந்த 'த பைரட்' என்னும் நாவலில் இதைக் கையாண்டுள்ளார்.

இத்தொடர் இரு இடங்களில் வழங்குகிறது. முதலாவது, தெரிவு பற்றியது. ரயிலில் போவதா, பஸ்ஸில் போவதா என்று ஒருவர் கேட்கிறார். நேரமும் ஒன்று, கட்டணமும் ஒன்று என்றால், 'எதிலே போனால் என்ன?' என்பதே இத்தொடர் தரும் விடை. இரண்டாவது, குற்றம் பற்றியது. இருவர் சண்டையிட்டால், 'இரு பக்கத்திலும் பிழை சரிசமம்' என்று தீர்ப்புச் சொல்லவும் இதுவே பயன்படுகிறது.

இதற்கு நிகராகத் தமிழில் எதை வைப்பது? 'ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்' என்பார் சிலர். அதில் இகழ்ச்சி இருக்கிறது. 'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி' என்றால் இரண்டும் தீயவை என்றாகிவிடும். 'இருதலைக் கொள்ளி எறும்பு' துன்பத்தின் நெருக்கடியைக் காட்டுவது. 'இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன' என்பதிலோ ஆள்பவர் இருவரும் சமமல்லர். சொல்பவன் மனந்தான் விரக்தியுற்றிருக்கிறது. ஆங்கிலத் தொடரில் இகழ்ச்சியும் இல்லை, துன்பமும் இல்லை. அது தராசு முள்ளைப் போல நடுவில் நிற்கிறது.

'ஹொப்சனின் தெரிவு' என்ற தொடரோடும் இதைக் குழப்பக்கூடாது. 1631இல் மறைந்த தோமஸ் ஹொப்சன், கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டவர். வாசலுக்கு அண்மையில் நிற்கும் குதிரையை எடு, அல்லது நடந்து போ என்பது அவர் வைத்த விதி. அங்கே தெரிவே இல்லை. நம் தொடரில் தெரிவு இரண்டு உண்டு; வேறுபாடுதான் இல்லை.

எனவே தெரிவு பற்றிய இடத்தில் 'எல்லாம் ஒன்றுதான், பெயர்தான் வேறு' என்றும், குற்றம் பற்றிய இடத்தில் 'இருவர் மீதும் பிழை சமம்' என்றும் எழுதுவதே பொருந்தும் என்பது என் கருத்து. பழமொழிக்குப் பழமொழிதான் வேண்டும் என்ற பிடிவாதம், மூலத்தில் இல்லாத கசப்பைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

சொல்லும் பொருளும் தெரிந்தால் மட்டும் போதாது. இத்தொடரைச் சொல்லுமுன் ஒரு கடமை இருக்கிறது. ஆறும் அரை டசினும் சமம் என்று நாம் அறிவது, எண்ணிப் பார்த்ததால். எண்ணாமலே சமம் என்பவர் நடுவுநிலையாளர் அல்லர். விசாரிக்கும் சிரமத்தைத் தவிர்ப்பவர். வகுப்பறையிலே வலிய மாணவன் மெலிந்தவனை அடிக்கிறான். மெலிந்தவன் தன்னைக் காக்கக் கையைத் தூக்குகிறான். 'இரண்டு பேரும் பிழை' என்று இருவரையும் வெளியே நிறுத்திவிட்டால் ஆசிரியரின் வேலை எளிதாகும். ஆனால் மெலிந்தவன் அன்று இரண்டு முறை அடிவாங்குகிறான். இரண்டாம் அடி ஆசிரியருடையது. வீட்டு வழக்கிலும் ஊர் வழக்கிலும் இதுவே நடக்கிறது. ஒரு பக்கத்தில் பத்தும் மறுபக்கத்தில் இரண்டும் இருக்கையில், கூட்டிப் பன்னிரண்டாக்கி ஆளுக்கு ஆறு என்று பங்கிடுவது கணக்கில் சரியாக வரலாம், நீதியில் வராது.

ஆகவே, நேயர்களே, இத்தொடரை மொழிபெயர்ப்பவர் இடமறிந்து பெயர்க்கட்டும். வாயால் சொல்பவர் முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.