நெல் இலைப்புள்ளியும் நுண்ணோக்கியும்

நெல் இலையில் பழுப்புப் புள்ளி கண்டவுடன் சத்துக் குறைவு என்றெண்ணி, மேலும் ஒருமுறை யூரியா இடுவோர் உண்டு. செம்புள்ளி நோய் ஊட்டம் குன்றிய நிலத்தில் மிகுதியாகத் தோன்றுவதால் இந்த எண்ணம் முற்றிலும் தவறன்று. ஆனால் வந்திருப்பது குலைநோயானால், தழைச்சத்து கூடக்கூட நோயும் பெருகும். முதிர்ந்த புள்ளிகளைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். குலைநோய்ப் புள்ளி இருமுனையும் கூர்த்து, நடுவில் சாம்பல் நிறமாயிருக்கும். செம்புள்ளி எள் போன்றிருக்கும். தொடக்கத்திலோ இரண்டும் ஊசிமுனை அளவே. அப்போது பூசண வித்துக்களைப் பார்த்தே முடிவு கூற வேண்டும்.

ஆய்வுக்கூடத்திற்கு இலையுடன் வரும் விவசாயிகள் பலர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்பர். பெரும்பாலும் கருவியில் பழுதிராது.

நுண்ணோக்கியில் கண்ணருகே ஒரு லென்சும், பொருளருகே சுழலும் வட்டில் மூன்று நான்கு லென்சுகளும் உண்டு. கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு, பொருளருகு லென்ஸ் 40 மடங்கு எனில், உருவம் 400 மடங்கு பெரிதாகும். குலைநோய் வித்து ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் நீளம். 400 மடங்கில் அது ஒரு நெல்மணி நீளத்திற்குத் தெரியும்.

முதலில் 10 மடங்கு லென்சைத் திருப்புக. பக்கவாட்டில் பார்த்தபடி பெரிய திருகால் கண்ணாடித் தகட்டை லென்சுக்கு அருகே கொண்டுவந்து, பிறகு கண்வைத்துப் பார்த்தபடி விலக்கிக்கொண்டே வருக. உருவம் தெரிந்ததும் சிறிய திருகால் தெளிவாக்குக. 40 மடங்கு லென்சில் பெரிய திருகைத் தொடவே கூடாது. தகடு உடையும், லென்சும் கீறும்.

பலரும் கவனியாதது மேடைக்கடியிலுள்ள ஒளித்தடுப்பு. குலைநோய் வித்து ஏறக்குறைய நிறமற்றது. வெளிச்சம் மிகுந்தால் கண்ணெதிரே இருந்தும் மறைந்துவிடும். தடுப்பைச் சற்றே மூடினால், பேரிக்காய் வடிவில், இரு குறுக்குச் சுவர்களுடன் மூன்று அறைகளாகத் தோன்றும். செம்புள்ளி வித்துக்கு இத்தொல்லையில்லை. அது பழுப்பு நிறம், சற்றே வளைந்தது, நான்கைந்து மடங்கு நீளம், பல குறுக்குச் சுவர்கள் கொண்டது. தகட்டை வலப்புறம் நகர்த்தினால் உருவம் இடப்புறம் செல்வது கண்டு திகைக்க வேண்டாம். லென்சுகளின் இயல்பு அது.

ஆடி பொருத்திய பழைய கருவிகளில் நேர்வெயிலை வாங்கினால் கண் கெடும்.

இலைகளை ஈரத்துடன் பாலிதீன் பையில் அடைத்தால் அழுகி, வேறு பூசணங்கள் படர்ந்துவிடும். புள்ளியுள்ள நாலைந்து இலைகளைச் செய்தித்தாளில் சுற்றி அன்றே கொண்டு வருக. வித்து வெளிவர ஆய்வுக்கூடத்தில் ஓரிரவு ஈரத்தில் வைப்போம். விடை மறுநாள்தான் கிடைக்கும். அதுவரை யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.