மான்செஸ்டரின் கருஞ்சாயம்

மான்செஸ்டர், பருத்தித் துணிக்குப் பெயர்பெற்ற ஆங்கிலேய நகரம். அல்சேசிலிருந்து அங்குக் குடியேறிய வேதியியலாளர் சார்லஸ் டிரைஃபஸ், 1876இல் கிளேட்டன் அனிலின் நிறுவனத்தைத் தொடங்கினார். துணி அச்சிடுவோருக்கு அவர் முதலில் வழங்கியவை, நிலக்கரித் தாரின் பென்சீனிலிருந்து ஆக்கப்பட்ட அனிலினும் அதன் உப்புமே. அவ்வுப்புக் கரைசலில் தோய்ந்த துணி ஆக்சிஜனேற்றம் அடையும்போது நூலிழைக்குள்ளேயே கருமை பிறக்கிறது. ஆதலால், துவைத்தாலும் அது எளிதில் மங்குவதில்லை. வாடிக்கையாளரோ அண்டையிலேயே இருந்தனர். பின்னர்ச் சாயங்களும் அங்கு ஆக்கப்பட்டன. 1911இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதனை வாங்கியது.

இத்தொழிலுக்கு மறுபக்கமும் உண்டு. சாய ஆலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரேன் 1895இலேயே சுட்டிக்காட்டினார். அவற்றுக்குக் காரணம் அனிலின் அன்று, பென்சிடின் போன்ற பிற பொருள்களே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அவற்றைப் பிரிட்டன் சட்டத்தால் தடைசெய்ததோ 1967இல்தான்.