வெளிமுகம் காட்டும் ஒரு சொல்

எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருநாள் பாஸ்புக்கை விரித்து ஒரு வரியைக் காட்டினார். ஓட்டல்காரர் ஒருவர் பாக்கிக்குக் கொடுத்த காசோலையைத் தன் கணக்கில் போட்டிருக்கிறார். அது பணமில்லாமல் திரும்பிவிட்டது. போதாததற்கு வங்கி இவரிடமே கட்டணமும் பிடித்துக்கொண்டது. அந்தக் கழிவுக்கு நேராக ‘அவுட்வர்ட் ரிட்டர்ன்’ என்று அச்சாகியிருந்தது.

“செக்கு திரும்பி உள்ளதானே சார் வந்திருக்கு? அப்புறம் என்ன அவுட்வர்ட்?” என்றார்.

நியாயமான கேள்வி. அகராதியைப் புரட்டினால் ‘வெளிப்புற, வெளியே, புறத்தோற்றமான’ என்று மூன்று பொருளைப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. அதை வைத்துக்கொண்டு அண்ணாச்சிக்குப் பதில் சொல்ல முடியாது.

சொல்லை இரண்டாகப் பிரித்தால் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. ‘அவுட்’ நமக்குத் தெரியும், கிரிக்கெட் போதும். சூட்சுமம் ‘வர்ட்’டில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் இந்த ஒட்டுக்கு ‘ஒரு பக்கமாகத் திரும்பிய’ என்று பொருள். திரும்புதலைக் குறிக்கும் லத்தீன் வினை ஒன்றுக்கும் இதற்கும் ஒரே வேர். ஃபார்வர்ட், பேக்வர்ட், இன்வர்ட், ஹோம்வர்ட் எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். அசட்டுத்தனமான நிலைமையைச் சொல்லும் ‘ஆக்வர்ட்’டிலும் இதே ஒட்டுதான், தப்பான பக்கம் திரும்பியது என்பது அதன் ஆதிப்பொருள். ஆஸ்பத்திரி வார்டுக்கும் இதற்கும் உறவில்லை. அந்த வார்டு காவல் காப்பதிலிருந்து வந்தது. நாமோ இரண்டையும் ஒரே மாதிரி அழுத்தி ‘அவுட்வார்டு’ என்கிறோம். ஆங்கிலேயர் வாயில் ‘அவுட்’ மட்டும்தான் நிமிர்ந்து நிற்கும்; பின்பாதி ‘வட்’ என்று தேய்ந்துபோகும்.

தமிழில் இந்த ஒட்டின் வேலையை அழகாகச் செய்யும் சொல் ஒன்று உண்டு: முகம். விலை ஏறுமுகமாக இருக்கிறது, காய்ச்சல் இறங்குமுகம், சந்நிதி கிழக்குமுகம். அவர்கள் உடம்பைத் திருப்பித் திசை சொன்னார்கள், நாம் முகத்தைத் திருப்பிச் சொல்கிறோம். அதனால் அவுட்வர்ட் என்பதற்கு என் கணக்கில் முதல் பொருள் ‘வெளிமுகமாக’. ‘வெளியே’ என்பது அதற்குப் பிறகுதான்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒரு கதவை வைத்துப் பார்ப்போம். ‘அவுட்டர்’ கதவு என்றால் வெளிப்பக்கம் இருக்கும் கதவு, வாசல் கதவு மாதிரி. ‘அவுட்சைட்’ என்றால் கதவுக்கு அப்பால் உள்ள இடம். கதவு அவுட்வர்டாகத் திறக்கிறது என்றால், அது எங்கே இருந்தாலும் சரி, தள்ளும்போது வெளிப்பக்கமாகப் போகிறது என்று அர்த்தம். முதல் இரண்டும் இடத்தைச் சொல்கின்றன, இது போக்கைச் சொல்கிறது.

இந்த வித்தியாசம் இலக்கணத்தோடு நிற்பதில்லை. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா ஹாலில் குழந்தைகளுக்கான கேளிக்கை நிகழ்ச்சி. முடிவில் மேடையருகே பரிசு கொடுக்கிறார்கள் என்றதும், மாடியிலிருந்த பிள்ளைகள் படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். கீழே இருந்த கதவு அவர்கள் பக்கமாக, உள்முகமாகத் திறப்பது. அதையும் ஒரு ஆள் மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தாழிட்டிருந்தார்கள். முன்னால் நின்றவர்கள் கதவில் நசுங்க, பின்னாலிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 183 குழந்தைகள் இறந்தார்கள். கூட்டம் நெருக்கும்போது உள்முகக் கதவை யாராலும் இழுத்துத் திறக்க முடியாது. வெளிமுகக் கதவைக் கூட்டமே தள்ளித் திறந்துவிடும். பொது அரங்குகளில் கதவு வெளிமுகமாகத் திறக்க வேண்டும் என்ற விதியை பிரிட்டன் கொண்டுவந்தது இதற்குப் பிறகுதான். சினிமா தியேட்டரில் இடுப்புயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி பார்த்திருப்பீர்கள், உடம்பால் முட்டினாலே தாழ் விடுபடும். அதன் முன்னோடிக்கு 1892-இல் காப்புரிமை வாங்கிய ராபர்ட் பிரிக்ஸை யோசிக்க வைத்ததும் இதே விபத்துதான் என்பார்கள். நம் வீட்டு வாசற்கதவு பெரும்பாலும் உள்முகமாகத்தான் திறக்கும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு அது போதும்.

திசை என்று வந்துவிட்டால், எங்கே நின்று பார்க்கிறோம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். அண்ணாச்சியின் சிக்கல் அங்கேதான். ஓட்டல்காரருக்கு வேறொரு வங்கியில் கணக்கு. அண்ணாச்சி போட்ட காசோலையை அவருடைய வங்கி பணம் கேட்டு வெளியே அனுப்புகிறது. அதன் பெயர் அவுட்வர்ட் கிளியரிங். அதே காசோலை ஓட்டல்காரரின் வங்கிக்கு வந்து சேரும்போது, அந்த வங்கிக்கு அது இன்வர்ட் கிளியரிங். தாள் ஒன்று, பெயர் இரண்டு. காசோலை செல்லாமல் திரும்பியதும், ‘நாம் வெளியே அனுப்பியது திரும்பிவிட்டது’ என்ற கணக்கில் அண்ணாச்சியின் வங்கி அதை அவுட்வர்ட் ரிட்டர்ன் என்று எழுதுகிறது. பல வங்கிகளின் கட்டணப் பட்டியல் இப்படித்தான் இருக்கும்: நீங்கள் போட்ட காசோலை திரும்பினால் அவுட்வர்ட், நீங்கள் எழுதிக் கொடுத்த காசோலை திரும்பினால் இன்வர்ட். ஆக, அந்தச் சொல் காசோலை கடைசியாக வந்த வழியைச் சொல்லவில்லை, முதலில் போன வழியைச் சொல்கிறது. அண்ணாச்சிக்கு விளக்கம் புரிந்தது, கட்டணம் எதற்கு என்பது மட்டும் புரியவில்லை. எனக்கும்தான்.

தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி மேசைமேல் இன்வர்ட், அவுட்வர்ட் என்று இரண்டு நோட்டுகள் கிடக்கும். லாரியில் ஏறிப் போகும் சரக்குக்கு அவுட்வர்ட் என்ட்ரி போடாமல் கேட் திறக்காது. ஜிஎஸ்டி வந்த 2017-க்குப் பிறகு சிறுகடைக்காரரும் கேட்டுப் பழகியது ‘அவுட்வர்ட் சப்ளை’. மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் அதற்கான கணக்குத்தான். இதை ‘விற்பனை’ என்று மொழிபெயர்த்துக்கொள்பவர்கள் ஒரு இடத்தில் இடறுவார்கள். வெளிமாநிலத்தில் உள்ள சொந்தக் கிளைக்குக் காசு வாங்காமல் சரக்கு அனுப்பினாலும் அது அவுட்வர்ட் சப்ளைதான். விற்றோமா என்பதைவிட வெளிமுகமாகப் போனதா என்பதைத்தான் சொல் கேட்கிறது. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்பினால் அவுட்வர்ட் ரெமிட்டன்ஸ். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். துபாயில் இருக்கும் தம்பி ஊருக்குப் பணம் அனுப்பினால் அங்குள்ள வங்கிக்கு அது அவுட்வர்ட், நமக்கு இன்வர்ட்.

எழுத்தில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. கடைசியில் ‘ஸ்’ சேர்ப்பதா வேண்டாமா? வினையைத் தழுவி வரும்போது பிரிட்டிஷ்காரர் பெரும்பாலும் ‘அவுட்வர்ட்ஸ்’ என்பார், அமெரிக்கர் ‘ஸ்’ இல்லாமல் எழுதுவார். இரண்டும் சரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக நின்றால் யாரும் ‘ஸ்’ சேர்ப்பதில்லை. அவுட்வர்ட்ஸ் ரிஜிஸ்டர் என்று அலுவலக அட்டையில் ஒட்டியிருந்தால் அது பிழை.

‘அவுட்வர்ட்லி’ என்று நீண்டால் திசை போய்விடும், தோற்றம் வந்துவிடும். உள்ளே கொதித்துக்கொண்டு வெளிக்குச் சிரிப்பவரைப் பற்றிப் பேசும்போது வரும் ‘வெளிக்கு’தான் அது. ‘வெளிப்பார்வைக்கு’ என்றும் சொல்லலாம். கதவு அவுட்வர்ட்லி திறந்தது என்று எழுதினால், கதவு திறந்ததுபோல் பாசாங்கு செய்தது என்ற விபரீதப் பொருள் வந்து நிற்கும். 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், தாவீதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மனிதர் பார்க்கும் ‘அவுட்வர்ட்’ தோற்றம் பற்றி ஒரு பேச்சு வருகிறது. பழைய தமிழ் பைபிள் அந்த இடத்தில் ‘முகம்’ என்று போட்டிருக்கிறது. திசைக்குப் பொருந்திய அதே சொல் தோற்றத்துக்கும் பொருந்திவிட்டது.

பயணத்தில் இன்னொரு குழப்பம். துறைமுகத்தை விட்டு வெளியேறும் கப்பலை ‘அவுட்வர்ட் பவுண்ட்’ என்பது மாலுமிகள் வழக்கு. இரண்டாம் உலகப்போரின்போது, கப்பல் தாக்கப்பட்டால் இளம் மாலுமிகள் உயிர்பிழைக்க வேண்டுமே என்று 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் கர்ட் ஹானும் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டும் ஒரு பள்ளி தொடங்கினார்கள். இந்தக் கப்பல் மொழிதான் அதற்குப் பெயரானது. பிரிட்டனில் போகவர டிக்கெட் எடுத்தால் போகும் பாதி அவுட்வர்ட், வரும் பாதி ரிட்டர்ன். நம் பஸ் டிக்கெட் தளங்களில் போகும் பாதிக்கு ‘ஆன்வர்ட்’ என்று இருக்கும். பிரிட்டனில் ஆன்வர்ட் என்றால் நடுவழியில் ஓரிடம் இறங்கி அதற்கு மேலும் தொடர்வது. லண்டன் கவுண்டரில் ஊரிலிருந்து கிளம்பும் தேதியை ஆன்வர்ட் என்று சொன்னால், நீங்கள் அங்கிருந்து எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. புறம் என்றால் வெளி. வெளிமுகமாக அடி எடுத்து வைத்தால் அது புறப்படுதல். சுவாமி கோயிலை விட்டு வீதிக்கு வந்தால் புறப்பாடு.