வெட்டிவேர்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

புல் என்றதும் ஆடுமாடுகளின் தீனிதான் நம் நினைவுக்கு வருகிறது. காலில் மிதிபடும் புல்லுக்குப் பெருமை ஏது என்று எண்ணி விடுகிறோம். ஆனால் ஒரு புல்லின் தமிழ்ப் பெயர் கடல் கடந்து பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் இடம்பெற்று விட்டது. அதுதான் வெட்டிவேர். வெட்டி எடுக்கப்படும் வேர் ஆதலால் இப்பெயர் பெற்றது.

இது பல ஆண்டுகள் வாழும் புல்லினம். அடர்ந்த தூராக ஐந்தடி உயரம்வரை வளரும். பல புற்களின் வேர்கள் மண்ணின் மேற்பகுதியிலேயே பரவி நிற்கும். இதன் வேரோ நேர்கீழாக இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம்வரையிலும் செல்லும். இதன் சிறப்பெல்லாம் அந்த வேரில்தான் அடங்கியுள்ளது.

கோடைக்காலத்தில் நம் பாட்டிமார் மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டு வைப்பார்கள். வேரினால் தட்டி பின்னி, சன்னலில் தொங்கவிட்டு நீர் தெளிப்பதும் உண்டு. நீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக் கொள்கிறது. ஆகவே அறைக்குள் குளிர்ந்த, மணமுள்ள காற்று வருகிறது. விசிறி, மாலை, குளியல் பொடி ஆகியவற்றிற்கும் இவ்வேர் பயன்படுகிறது. வேரை நீராவியில் பல மணி நேரம் வடித்தால் எண்ணெய் கிடைக்கும். அது மெதுவாகவே ஆவியாவதால், மற்ற நறுமணங்களையும் விரைவில் பறந்துவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் வாசனைத் திரவியம் செய்வோர் அதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

மணத்தினும் பெரிய பயன் ஒன்று உண்டு. அது மண்ணைக் காப்பது. சரிவான நிலத்தில் குறுக்கே, ஒரே மட்டத்தில், இப்புல்லை வரிசையாக நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் இடைவெளியற்ற வேலியாகிவிடும். மழைநீர் அதில் மோதி வேகம் குறையும். அடித்து வரும் மண் அங்கேயே படியும். நீரும் நிலத்தில் இறங்கும். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாகவே வயல் ஓரங்களில் இதனை வளர்த்து வந்தனர். 1980-களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இம்முறையைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றனர். தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1991 முதல் தம் நாட்டில் இதற்குப் பேராதரவு அளித்தார்.

பயிரிடுவது எளிது. தென்னிந்திய வகையில் முளைக்கும் விதை மிக அரிது. எனவே முதிர்ந்த தூரைப் பிரித்து, இலை நுனியையும் நீண்ட வேரையும் நறுக்கி, மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். வேலிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும். அவ்வப்போது தழையை அரிந்து விட்டால் தூர் நன்றாகக் கட்டும். அரிந்த தழை கூரை வேயவும், இளந்தழை மாட்டுக்குத் தீனியாகவும் உதவும். விதை விழுந்து பரவாததால், இது வயலுக்குள் களையாக நுழைவதில்லை.

வேருக்காக வளர்ப்பவர்கள் மணற்பாங்கான நிலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே வேர் அறுபடாமல் வரும். கடலூர் மாவட்டக் கடலோரத்தில் இப்பயிரைக் காணலாம். ஒன்று, ஒன்றரை ஆண்டில் தோண்டி, கழுவி, நிழலில் உலர்த்துவார்கள்.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மணம் தருவதும் வேர். மண்ணைப் பிடிப்பதும் அதே வேர். ஒன்றுக்காகத் தோண்டினால் மற்றொன்றை இழந்து விடுவோம். வெட்டிவேர் எண்ணெய் உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் ஹெய்ட்டி நாட்டில், மலைச்சரிவுகளில் வேரைத் தோண்டி எடுப்பதால் மண் இளகி மழையில் கரைந்து போகிறது. மண்ணைக் காக்க வல்ல புல்லே அங்கு மண் அழியக் காரணமாகி விடுகிறது! குற்றம் புல்லினுடையதன்று, நடும் இடத்தையும் நோக்கத்தையும் பிரித்தறியாத நம்முடையதே.

ஆகவே, தோழியரே, விற்பதற்கான வேரைச் சமமான மணல் நிலத்தில் வளர்ப்போம். சரிவிலும், வாய்க்கால் கரையிலும், குளக்கரையிலும் நட்ட வேரைத் தொடாமல் விட்டு, அதன் தழையை மட்டும் அரிந்து கொள்வோம். பெயரில் 'வெட்டி' இருப்பதால் எங்கும் வெட்டிவிட வேண்டும் என்பதில்லை!